எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி திறந்த முதல் வாரம் ஆங்கில வகுப்பில் ஒரு சடங்கு நடக்கும். "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உங்களைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க." அதையொட்டிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் பதில் தருகிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வசதியாக ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி, 40 பிள்ளைகள். அறிமுகம் சொல்லச் சொன்னால் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது போல "மைசெல்ஃப் இன்னார், மை ஃபாதர் நேம் இன்னார், மை ஹாபி இஸ் வாட்சிங் டிவி" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். ஒரு பீரியடுக்குள் இதை உருப்படியாகச் செய்ய வழி உண்டா?
— ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

முதலில் கணக்கைப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 40 நிமிடம். பீரியடே முடிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பேசியது ஒரே ஒரு நிமிடம், சும்மா உட்கார்ந்திருந்தது 39 நிமிடம். தன் முறை வரும்வரை அந்த 39 நிமிடமும் பயந்துகொண்டே மனப்பாடம் பண்ணும். முன்னால் பேசிய பிள்ளை சொன்னதையே காப்பியடிக்கும். ஒரே அச்சு வருவது பிள்ளைகளின் குற்றமல்ல, வரிசையின் குற்றம்.

இன்னொன்று. ஒப்பிப்பது யாரிடமும் பேசுவதாகாது. எதிரில் கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும், அவருக்கு முன்பே தெரியாத செய்தி ஒன்று வேண்டும். இரண்டும் இல்லாத அறிமுகத்தை நாமே கூட உயிரோடு சொல்ல முடியாது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். முதல் 5 நிமிடம் நீங்களே உங்களை அறிமுகம் செய்யுங்கள், ஐந்தே வாக்கியத்தில், இரண்டு தடவை. அடுத்த 8 நிமிடம் ஒவ்வொருவரும் நோட்டுத்தாளின் கால் பங்கில் ஐந்து சொற்களை மட்டும் எழுத வேண்டும். வாக்கியம் எழுதக்கூடாது, அதில் கண்டிப்பு தேவை. வாக்கியம் எழுதினால் கண் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐந்து சொற்கள் எவை என்றால்: பெயர், ஊர், ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்று, தனக்கு நன்றாகச் செய்ய வரும் ஒரு காரியம், கடைசியில் எதிராளியிடம் கேட்க ஒரு கேள்வி. தெரியாத சொல்லைத் தமிழில் எழுதட்டும். நீங்கள் பெஞ்சுக்கு பெஞ்ச் போய் அதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள்.

மூன்றாவது சொல்லில்தான் ருசி இருக்கிறது. கொடிவேரி அணை, வெள்ளோடு பறவைகள் சரணாலயம், ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை என்று நம் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லச் சரக்கு இருக்கிறது. "ஐ லிவ் இன் கவுந்தப்பாடி. அவர் டவுன் இஸ் ஃபேமஸ் ஃபார் ஜாகரி பவுடர்." டிவி பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். நான்காவதிலும் 'ஹாபி' என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள். தபால்தலையைக் கண்ணால் பார்க்காதவன்கூடத் தபால்தலை சேகரிக்கிறான். "ஐ கேன்" என்று தொடங்கச் சொல்லுங்கள். "ஐ கேன் மில்க் எ கௌ." "ஐ கேன் ஸ்விம் இன் எ வெல்." கிணற்றில் குதித்து நீந்துகிறவன் அதைச் சொல்லும்போது குரல் தானாக உயரும்.

பிறகு எதிரெதிரே இரண்டு வரிசை. ஒரு வரிசை நகராது. மற்றது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடம் தள்ளி நிற்கும், கடைசி ஆள் வரிசையின் தலைக்கு வருவார். முதல் சுற்றில் ஆளுக்கு 60 விநாடி, இரண்டாவதில் புது ஆளிடம் 45, மூன்றாவதில் இன்னொருவரிடம் 30. செய்தி மாறாது, நேரம் மட்டும் குறையும். இடம் மாற அரை நிமிடம் சேர்த்தாலும் மூன்று சுற்றும் 6 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் 40 பேரும் மும்மூன்று தடவை பேசியிருப்பார்கள். இது கீத் மாரிஸ் 1983-இல் எழுதிய, பின்னர் மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கிய 4/3/2 முறையின் குட்டி வடிவம். மூலத்தில் 4 நிமிடம், 3 நிமிடம், 2 நிமிடம். நம் ஒன்பதாம் வகுப்புக்கு அது தாங்காது. ஐந்து வாக்கியம் தடங்கலில்லாமல் சொல்ல 20, 25 விநாடி போதும். முதல் சுற்றில் தட்டுத்தடுமாறுவதற்கும், கேள்விக்குப் பதில் வாங்குவதற்கும் மிச்ச நேரம். மூன்றாவது சுற்றில் பாருங்கள், 30 விநாடி போதுமானதாக இருக்கும்.

எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறோம். சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அல்லது வேப்பமரத்தடிக்குப் போங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் நீங்கள் ஜோடி சேராதீர்கள், ஓரிடத்தில் மூவராக நிறுத்துங்கள். நீங்கள் சுற்றிவந்து கேட்க வேண்டும். இருபாலர் பள்ளியில் முதல் வாரம் பையன்கள் வரிசை பையன்களோடு, பெண்கள் வரிசை பெண்களோடு இருக்கட்டும். அந்த வயதில் கூச்சத்தை ஆங்கிலத்தோடு சேர்த்து ஒரே நாளில் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் நடக்காது. தமிழுக்குத் தாவுவார்கள், ஒரு பெயர்ச்சொல் தமிழில் வந்தால் விட்டுவிடுங்கள், வினைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் வரவேண்டும் என்பது விதி. "ஐ கேன் ரைட் எ புல்லட்... இல்ல, பனைமரம் ஏறுவேன்" என்பவனுக்கு "கிளைம்ப்" என்று ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும்.

கடைசிக் கேள்வியைக் கைவிட்டுவிடாதீர்கள். "வாட் அபௌட் யூ?" என்பதாவது வேண்டும். அது இல்லாவிட்டால் பழையபடி ஒப்பித்தலாகிவிடும்.

கேள்வி: "மைசெல்ஃப்" என்று தொடங்குவது தப்பு என்கிறார்கள். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? என்ன தப்பு?
— பதினொன்றாம் வகுப்பு மாணவர், திருச்செங்கோடு

தம்பி, "மைசெல்ஃப் கவின்" என்பதைத் தமிழில் போட்டால் "என்னையே கவின்" என்று வரும். அந்தச் சொல் தனியாக எழுவாயாக நிற்காது. பெரும்பாலும் முன்னால் 'ஐ' இருந்து, அந்த 'ஐ' செய்யும் காரியம் தன்மேலேயே திரும்பும்போது வரும். "ஐ ஹர்ட் மைசெல்ஃப்" என்றால் சரி. "லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்" என்ற நீள வாக்கியத்தின் வால் மட்டும் அறுந்து வந்து நம் ஊரில் தலையாகிவிட்டது போலிருக்கிறது.

இது ஏன் நம் வாயில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. "நான் கவின்", "என் பெயர் கவின்" — தமிழில் நடுவே வினைச்சொல் வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒன்று கட்டாயம்: "ஐ ஆம் கவின்", "மை நேம் இஸ் கவின்". அந்தச் சின்ன 'ஆம்', 'இஸ்' நம் காதுக்கு வேலையில்லாத சொல்லாகப் படுவதால் நழுவிவிடும்.

இதே இனத்தில் இன்னும் மூன்று. "ஐ ஆம் கமிங் ஃப்ரம் சென்னிமலை" என்றால் இப்போது அங்கிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகப் பொருள். "ஐ ஆம் ஃப்ரம் சென்னிமலை" போதும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" வேண்டாம், "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்". "மை ஃபேமிலி இஸ் ஃபோர் மெம்பர்ஸ்" என்பதற்குப் பதில் "தேர் ஆர் ஃபோர் ஆஃப் அஸ் அட் ஹோம்". இவற்றுக்குமேல் இலக்கணம் பார்த்து அறிமுகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஏனுங்க, எங்களுடையது நாலு தறி. எட்டாவது படிக்கும் மகள், "அப்பா வேலையை இங்கிலீஷில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மத்தவங்க அப்பாவெல்லாம் பிசினஸ் என்கிறார்கள்" என்கிறாள். என்ன சொல்லிக் கொடுப்பது?
— ஒரு தாய், பல்லடம்

அம்மா, வெட்கத்தில் பாதி சொல்லில் இருக்கிறது. "மை ஃபாதர் இஸ் எ கூலி", "மை ஃபாதர் இஸ் டூயிங் தறி" என்று சொல்ல நேரும்போது எந்தப் பிள்ளைக்கும் தலை குனியும். பதவிப் பெயரைத் தேடாமல், அவர் என்ன செய்கிறார் என்று வினைச்சொல்லால் சொல்லச் சொல்லுங்கள். "மை ஃபாதர் ரன்ஸ் ஃபோர் பவர்லூம்ஸ்." நீங்கள் தார் சுற்றுகிறீர்கள் என்றால் "மை மதர் வைண்ட்ஸ் த யார்ன்." இதில் 'வைண்ட்' என்றே சொல்ல வேண்டும், 'விண்ட்' என்றால் காற்று. பாவுக்கு 'வார்ப்', ஊடைக்கு 'வெஃப்ட்'. இந்த இரண்டு சொல்லும் வகுப்பில் ஆங்கில ஆசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் மகள் சொல்லிக்கொடுக்கட்டும். 'பிசினஸ்' என்று சொல்கிற பிள்ளையிடம் "என்ன பிசினஸ்?" என்று அடுத்த கேள்வி கேட்டால் அங்கேதான் நிற்கும். உங்கள் மகளுக்கோ அடுத்த மூன்று வாக்கியமும் கையில் இருக்கிறது.

மற்ற ஊர்ப் பெற்றோருக்கும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். திருப்பூரில் 'பனியன் கம்பெனி' என்பது நமக்குப் புரியும், வெளியூராருக்குப் புரியாது: "மை மதர் ஸ்டிச்சஸ் டி-ஷர்ட்ஸ் இன் எ கார்மெண்ட் ஃபேக்டரி." செக்கிங் என்றால் "ஷீ செக்ஸ் த கிளாத்ஸ் ஃபார் டிஃபெக்ட்ஸ்." நாமக்கல் பக்கம் "வீ ஹேவ் எ பவுல்ட்ரி ஃபார்ம்", ரிக் வண்டியில் போகும் அப்பாவுக்கு "ஹீ ட்ரில்ஸ் போர்வெல்ஸ்", காங்கேயத்துக் களத்தில் வேலை என்றால் "ஹீ ட்ரைஸ் கோகனட்ஸ் டு மேக் காப்ரா". ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்கு "வீ குரோ டர்மரிக்". மூட்டை தூக்குகிறவர் என்றால் "ஹீ லோட்ஸ் லாரீஸ்". பண்ணையம் என்றாலும் "டூயிங் அக்ரிகல்ச்சர்" வேண்டாம். எதைப் பயிர் செய்கிறார் என்பதைச் சொன்னால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகும் மகள் அப்பாவைப் பற்றிச் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அறிமுகம் அவளுடையது.

கேள்வி: அப்பா பெயர், தொழில், சொந்த ஊர் எல்லாம் சொல்வதுதானே முறையான அறிமுகம்? இப்போது அதெல்லாம் வேண்டாம் என்கிறார்களே.
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், காங்கேயம்

ஐயா, ஊர் சொல்வதில் குறையில்லை. ஆனால் நம் பக்கத்தில் "எந்த ஊரு, யாரு பையன்?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வகுப்பறையில் அந்தப் பாதையைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. அப்பா இல்லாத பிள்ளை, அப்பா வீட்டைவிட்டுப் போன பிள்ளை, விடுதியில் இருக்கும் பிள்ளை என்று 40 பேரில் சிலர் கட்டாயம் இருப்பார்கள். "மை ஃபாதர் நேம் இஸ்" என்ற இடத்தில் அவர்கள் நிற்பது ஆங்கிலம் வராததால் அல்ல. குடும்பத்தைப் பற்றிய வரி விருப்பம்போல் இருக்கட்டும். இனிஷியலைக் கேட்டால் மட்டும் "எஸ் ஸ்டாண்ட்ஸ் ஃபார் மை ஃபாதர்ஸ் நேம்" என்று விளக்கக் கற்றுக்கொடுங்கள். வெளிமாநிலத்தில் படிக்கப் போகும்போது இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

கேள்வி: எனக்கு கிராமர் எல்லாம் வரும். பரீட்சையில் 90-க்கு மேல். ஆனால் எழுந்து நின்றால் கை நடுங்குகிறது, வாய் உலர்ந்துவிடுகிறது, குரல் வருவதில்லை. "கான்ஃபிடன்ஸோடு பேசு" என்கிறார்கள். அது எப்படி வரும்?
— பத்தாம் வகுப்பு மாணவி, பெருந்துறை

கண்ணு, 90 வாங்குவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தாளில்தான். வாய் திறந்து பேசியதற்கு யாரும் இதுவரை உனக்கு மதிப்பெண் போட்டதில்லை. பழக்கமில்லாத வேலை தடுமாறுகிறது, அவ்வளவுதான்.

நடுக்கம் என்பது உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைச் சுரப்பது. நெஞ்சு படபடக்கும், எச்சில் குறையும், மூச்சு மேலோட்டமாகிவிடும். மூச்சு குறைவதால்தான் குரல் நடுங்குகிறது. ஆக, பயத்தை நேரடியாகப் பிடித்து நிறுத்த முடியாது; மூச்சைப் பிடிக்கலாம். உன் முறைக்கு இரண்டு பேர் முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே, நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து எட்டு எண்ணும்வரை மெல்ல வெளியே விடு. மூன்று தடவை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்.

நிற்கும்போது இரண்டு காலிலும் சமமாக எடையைப் போடு. பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி. ஒற்றைத் தாளைக் கையில் பிடிக்காதே, நடுக்கத்தைப் பத்து மடங்காகக் காட்டிவிடும். நோட்டுப் புத்தகமாகப் பிடி. கண் விட்டத்தைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது பெஞ்சில் உனக்குப் பிடித்த ஒரு தோழியைப் பார், பிறகு இன்னொருத்தியை. "குட் மார்னிங், எவ்ரிஒன்" சொல்லிவிட்டு ஒரு முழு மூச்சு நிறுத்து. உனக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். கேட்பவர்களுக்கு ஒரு விநாடி.

மனப்பாடம் என்றால் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும். நடுவில் உள்ளதையும் நெட்டுரு போட்டால், ஒரு சொல் மறந்தால் கோத்த மணி முழுவதும் கொட்டிவிடும். நடுவில் நின்றுவிட்டால் "ஜஸ்ட் எ மினிட்" என்று சொல்லி, நினைவில் இருக்கிற அடுத்த சொல்லுக்குத் தாவு. எது விட்டுப்போனது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இவையெல்லாம் அன்றைய நாளுக்கு. அதற்கு முன் இரண்டு வாரப் பழக்கம் வேண்டும், படிப்படியாக. முதலில் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ தனியாக, நன்றாகச் சத்தமாக. வீட்டில் மாடு இருந்தால் கட்டுத்தறியில் நின்று அதனிடம் சொல். கண்ணாடியைவிட அது மேல், கண்ணாடி முன்னால் நம் முகத்தைத்தான் கவனித்துக்கொண்டிருப்போம். அடுத்து தம்பியிடமோ பாட்டியிடமோ. பிறகு பக்கத்து பெஞ்சுக்காரியிடம், பிறகு நாலு பேரிடம், பிறகு உன் இடத்தில் எழுந்து நின்று, கடைசியாக வகுப்பின் முன்னால். ஒவ்வொரு படியிலும் மூன்று தடவையாவது செய்த பிறகே அடுத்த படி. நடுவில் தப்பித்து உட்கார்ந்துவிட்டால் அந்த நிமிடம் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைக் கூட்டுகிறது. சின்னப் படியாக இருந்தாலும் முடித்துவிட்டே இறங்கு.

நடுக்கமாக இல்லாமல் திக்கல் என்றால் இந்தப் பயிற்சி போதாது. 18 வயது வரையுள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேட்கலாம். ஆசிரியர்கள் திக்கும் பிள்ளையின் வாக்கியத்தை எடுத்து முடித்துவைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

கேள்வி: டியூஷன் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் "மை நேமு", "இஸ்கூலு", "பார்மர்" என்கிறார்கள். உச்சரிப்பை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, நாமக்கல்

மூன்று இடத்தில் கைவைத்தால் போதும். மற்றவை நாள்போக்கில் சரியாகும். சரியாகாவிட்டாலும் குடி முழுகாது.

ஒன்று, கடைசியில் ஒட்டும் உகரம். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. நாட்டு, ஆறு, கல்வெட்டு என்று குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் 'லைக்கு', 'ஸ்டாண்டர்டு', அப்படியே 'நேமு'. "உகரத்தை விடு" என்று சொன்னால் பிள்ளைக்கு விடத் தெரியாது. அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுங்கள்: "மை நே–மிஸ் கவின்", "ஐ லி–வின் ராசிபுரம்". மெய்க்குப் பின்னால் உயிர் வந்துவிட்டால் உகரம் புக இடமே இல்லை. சொல் தனியாக முடிய வேண்டிய இடத்தில் வாயை அப்படியே உறையவைக்கச் சொல்லுங்கள்: 'நேம்' முடிந்ததும் உதடு மூடியே இருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு வால் உண்டு: "எஸ்ங்க மிஸ்", "கவினுங்க சார்". மரியாதைக்குச் சேர்க்கும் 'ங்க' அது, வாயோடு பிறந்தது. அதைக் கேலி செய்து பிடுங்க வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த மரியாதை 'குட் மார்னிங்'கிலும் 'தாங்க் யூ'விலும் குரலின் இறக்கத்திலும் இருக்கிறது என்று காட்டுங்கள். 'ங்க'வை எடுத்ததும் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சார்' போடும். அதையும் முதல் வாக்கியத்தோடு நிறுத்தலாம்.

இரண்டு, சொல்லின் முன்னால் முளைக்கும் இகரம். 'ஸ்கூல்' என்பதன் 'ஸ்' ஒலியைப் பாம்பு சீறுவது போல நீட்டி, "ஸ்ஸ்ஸ்–கூல்" என்று பத்துத் தடவை. பிறகு சீறலைச் சுருக்குங்கள். இது ஒரு வாரத்தில் போய்விடும்.

மூன்று, உதட்டு ஒலிகள். நம் பிள்ளைகளுக்கு இது அப்பா தொழிலிலேயே வருகிறது. 'ஃபார்மர்': மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டு ஊத வேண்டும், இரண்டு உதடும் மூடினால் 'பார்மர்' ஆகிவிடும். கைக்கண்ணாடி ஒன்று கொடுத்தால் தானே பார்த்துக்கொள்ளும். 'வீவர்' இன்னும் வேடிக்கை: ஒரே சொல்லில் இரண்டு விதமான வகரம். முதலாவதற்கு 'உ' சொல்வது போல உதட்டைக் குவித்து "உஈ" என்று திறக்க வேண்டும், பல் எதையும் தொடாது. இரண்டாவதற்குப் பல் கீழ் உதட்டில் படவேண்டும். குவி, தொடு, குவி, தொடு.

'தாங்க் யூ'வில் நம் தகரமே இருக்கட்டும். நம் டகரமும் யாருக்கும் புரியாமல் போவதில்லை. அமெரிக்கக்காரர் போலப் பேசவைக்கிறேன் என்று நாக்கைச் சுருட்டச் சொல்லும் காணொளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். இருக்கிற தெளிவும் போய்விடும்.

கேள்வி: பிள்ளை தப்பாகச் சொல்லும்போது அங்கேயே திருத்துவதா, விட்டுவிடுவதா? விட்டால் தப்பே பழகிவிடாதா?
— ஆசிரியர், தாராபுரம்

பேசிக்கொண்டிருக்கும்போது திருத்த வேண்டாம். கையில் ஒரு துண்டுத்தாள் வைத்துக் கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முடித்தபின், யார் சொன்னது என்று சொல்லாமல், மூன்றே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி "இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று வகுப்பையே கேளுங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் யார் மனத்திலும் நிற்காது. பிறகு உடனே இன்னொரு சுற்றுப் பேச விடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்: திருத்தியதை அன்றே வாயால் சொல்லிப் பார்க்காவிட்டால் அது பலகையோடு அழிந்துபோகும்.

பொருளே மாறிப்போகும் பிழை என்றால் மட்டும் நடுவில் நுழையலாம், அதுவும் கேள்வியாக. "ஐ ஆம் ஃபார்ட்டீன் பிரதர்ஸ்" என்றால் "யூ ஆர் ஃபோர்ட்டீன்? அண்ட் யூ ஹேவ் பிரதர்ஸ்?" என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, பதிலுக்குக் காத்திருப்பது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டெழுதினார். மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பிள்ளைக்கு மூன்றும் போதாது. மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணுவதற்குள் "சொல்லு, சொல்லு" என்று சொல்லிவிடாமலிருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம்.

கேள்வி: என் வகுப்பில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஆறு பேர். தமிழ் அரைகுறை. இவர்களையும் சேர்த்து எப்படி நடத்துவது?
— ஆசிரியை, திருப்பூர்

உங்கள் வகுப்பில்தான் ஆங்கில அறிமுகத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது. மற்ற வகுப்பில் ஆறு வருடமாகத் தெரிந்தவனிடம் "மை நேம் இஸ்" என்று சொல்வது நாடகம்; இங்கே அது செய்தி. அந்த ஆறு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்காமல், வரிசையில் ஆங்காங்கே பிரித்து நிறுத்துங்கள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழுக்குத் தாவ வழியில்லாமல் போகும், அதுவே பாதி வேலை.

பெயர்களைச் சரியாகச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். "ஹவ் டு யூ சே யுவர் நேம்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் மெதுவாக இரண்டு தடவை சொல்ல, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் பெயரில் வரும் ழகரம் அவர்களுக்கு வராது, அவர்கள் பெயரில் 'கோஷ்', 'பரத்' என்பவற்றின் முதலெழுத்தில் போல மூச்சுச் சேர்ந்து வரும் ஒலி நமக்கு வராது. இரண்டு பக்கமும் தடுமாறுவதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. அடுத்த நாள், கேட்டறிந்த ஆளை வகுப்புக்கு அறிமுகம் செய்யச் சொல்லுங்கள்: "திஸ் இஸ் மை ஃபிரண்ட். ஷீ லிவ்ஸ் நியர் த ரயில்வே ஸ்டேஷன். ஷீ ஸ்பீக்ஸ் ஒடியா." 'லிவ்ஸ்', 'ஸ்பீக்ஸ்' என்ற அந்த 'ஸ்' எல்லோருக்கும் விழுந்துபோகும், இந்த ஒரு பயிற்சியில் அது தானாகப் பழகும்.

கேள்வி: ஆங்கிலத்தில் அறிமுகம் சொல்லும்போது கோயம்புத்தூர் என்பதா, கோயமுத்தூர் என்பதா, கோயம்பட்டூர் என்பதா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், சூலூர்

2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசே தயங்கிய இடம். நீ வீட்டில் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல். நம் பக்கத்து ஆட்களிடம் "ஐ ஆம் ஃப்ரம் சூலூர்" போதும். வெளியூராரிடம் "ஐ ஆம் ஃப்ரம் சூலூர், நியர் கோயம்பட்டூர்" என்றால் அவர்களுக்கு உடனே பிடிபடும். ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்து, பெயரை மெதுவாகச் சொல். கோபிசெட்டிபாளையம், மேட்டுப்பாளையம் போன்ற நீளப் பெயர்களை அவசரமாக உருட்டினால் கேட்பவர் அதிலேயே சிக்கி, அடுத்த இரண்டு வாக்கியத்தைத் தவறவிட்டுவிடுவார்.